கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? புது பேட்டரி வாங்குவதற்கு முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்

சாவியைத் திருப்பியதும் வண்டி எடுக்கவில்லை என்றால் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பேட்டரி போச்சு." பல நேரம் அது சரியாகவே இருக்கும். ஆனால் சில நேரம் புது பேட்டரி மாட்டிக் கொஞ்ச நாளிலேயே அதே தொல்லை திரும்ப வரும். சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ, எர்த் வயரிலோ, வண்டி சும்மா நிற்கும்போதும் கரன்ட் இழுத்துக்கொண்டே இருக்கும் ஏதோ ஒரு சாமானிலோ கோளாறு இருந்திருக்கும், பழியை மட்டும் பேட்டரி சுமந்திருக்கும்.

இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 எம்எம் ஸ்பானர், ஒரு கம்பி பிரஷ், சாவியைத் திருப்ப ஒரு ஆள், இவ்வளவு போதும். கீழே சொல்வதெல்லாம் 12 வோல்ட் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் உள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கு. ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற கேபிள் கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் கையே போகக் கூடாது.

முதலில் காதைக் கொடுங்கள்

மீட்டரை எடுப்பதற்கு முன்பே சத்தம் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். டேஷ்போர்டு விளக்கை எரியவிட்டு, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியைத் திருப்பி என்ன கேட்கிறது என்று கவனியுங்கள்.

படபடவென்று வேகமாக "டிக் டிக் டிக்" சத்தம் வந்து விளக்குகளும் மங்கினால், வோல்டேஜ் போதவில்லை. செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டு (கரன்ட் வந்ததும் இழுத்து மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்கும் காந்தச் சுவிட்ச்) உள்ளே இழுக்கும், இழுத்த அந்தக் கணமே வோல்டேஜ் விழும், விழுந்ததும் விட்டுவிடும், விட்டதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். இதுதான் அந்தப் படபடப்பு. பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு தடித்த "டக்" மட்டும் கேட்டு, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை, விளக்கும் பெரிதாக மங்கவில்லை என்றால் சந்தேகம் செல்ஃப் மோட்டார் பக்கம் போக வேண்டும். சொலினாய்டின் உள்ளே இருக்கும் செம்புக் கான்டாக்ட் தேய்ந்திருந்தால் இப்படித்தான் ஆகும்; பத்து முறை திருப்பினால் ஒரு முறை எடுக்கும்.

சத்தமே இல்லை, ஆனால் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன என்றால் "ஸ்டார்ட் பண்ணு" என்ற தகவலே செல்ஃப் மோட்டாருக்குப் போகவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, பார்க்கிங்கில் இருந்து நியூட்ரலுக்குக் கியரை மாற்றி முயன்று பாருங்கள். பல மேனுவல் வண்டிகளில் கிளட்ச் மிதியோடு சேர்ந்து ஒரு சுவிட்ச் இருக்கும், முழுதாக மிதித்தால்தான் அது வேலை செய்யும். தரைவிரிப்பு நகர்ந்து மிதியின் அடியில் மாட்டிக்கொண்டு வண்டி எடுக்காமல் போவதெல்லாம் நடக்கிற கதைதான். அப்புறம் ஸ்டார்ட்டர் ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் மின் சுவிட்ச்), ஃப்யூஸ் இரண்டையும் பாருங்கள்.

இன்ஜின் நன்றாக, வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். அது எரிபொருள், ஸ்பார்க், சென்சார் அல்லது சாவி விளக்கு மினுக்கும் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டி எடுக்காதபடி தடுக்கும் அமைப்பு) பிரச்சினை. இந்தக் கட்டுரை அந்தப் பக்கம் போகாது.

ஓய்வில் இருக்கும் பேட்டரி

மீட்டரை டிசி வோல்ட்டில், 20 வோல்ட் வரிசையில் வையுங்கள். வண்டி குறைந்தது சில மணி நேரம் நின்றிருக்க வேண்டும், இரவு முழுக்க நின்றிருந்தால் இன்னும் நல்லது. இப்போதுதான் ஓட்டி நிறுத்திய வண்டியில் அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஒன்று ஒட்டிக்கொண்டு பொய்யான நம்பிக்கை தரும். காத்திருக்க நேரம் இல்லையென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, ஒரு நிமிடம் கழித்து அளங்கள்.

12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12.0 வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். ஏஜிஎம் வகை பேட்டரிகள் (ஆசிட் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருப்பவை) முழுதாக ஏறியிருக்கும்போது 12.8-ஐ ஒட்டி நிற்கும். பார்க்க அற்ப வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் பேட்டரியின் முழு வாழ்க்கையும் இந்த அரை வோல்ட்டுக்குள்தான் நடக்கிறது, அதனால் "12 வோல்ட் காட்டுது, நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சார்ஜர் போட்டு முழுதாக ஏற்றிய பிறகும் 10.5 வோல்ட்டைச் சுற்றியே நின்றால் கதை முடிந்தது. உள்ளே ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், அதில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் கிடையாது.

குறைவாகக் காட்டுகிறது என்பதற்காக உடனே தூக்கிப் போடவும் வேண்டாம். இறங்கிய பேட்டரி வேறு, கெட்ட பேட்டரி வேறு. முதலில் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றுங்கள், பல மணி நேரம் ஆகும். ஒரு சுற்று ஓட்டி வந்தால் ஏறிவிடும் என்பது அரை உண்மை. கடைசிப் பகுதி சார்ஜ் ரொம்ப மெதுவாகத்தான் ஏறும், நன்றாக இறங்கிப்போன பேட்டரியை அரை மணி நேர ஓட்டம் நிரப்பாது. பாதி சார்ஜிலேயே வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரியில் ஈயத் தகடுகளின் மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும், அதன் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது.

செல்ஃப் அடிக்கும்போது என்ன ஆகிறது

பேட்டரியின் உண்மையான பலம் சுமை ஏறும்போதுதான் தெரியும். கியர் நியூட்ரலில் அல்லது பார்க்கிங்கில், கை பிரேக் போட்டு, மீட்டர் முனைகளைப் பேட்டரியில் பிடித்துக்கொண்டு, உதவிக்கு நிற்பவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் ஃபேன், பெல்ட் பக்கம் தொங்க வேண்டாம்.

முழு சார்ஜில் உள்ள நல்ல பேட்டரி இன்ஜினைச் சுற்றும்போதும் 10 வோல்ட்டுக்கு மேல் தாங்கும். 9.6-க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கிறது, 8, 7 என்று சரிந்தால் அநேகமாகப் பேட்டரிதான், ஓய்வில் 12.6 காட்டியதை வைத்து ஏமாற வேண்டாம். செல்ஃப் மோட்டார் உள்ளே இறுகி அளவுக்கு மீறி கரன்ட் இழுத்தாலும் இதே மாதிரி விழும் என்பதால், சந்தேகமிருந்தால் பேட்டரியை மட்டும் தனியாக லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து அளக்கும் சோதனை) செய்து பார்ப்பது நியாயம்.

இன்னொரு காட்சி இருக்கிறது. சாவியைத் திருப்புகிறார்கள், இன்ஜின் அசையவில்லை, மீட்டரோ அலட்டிக்கொள்ளாமல் 12.4-ல் நிற்கிறது. பேட்டரியிடம் யாரும் கரன்ட் கேட்கவே இல்லை என்று அர்த்தம். வழியில் எங்கோ அடைப்பு.

டெர்மினல்: எல்லோரும் பார்த்தும் பார்க்காத இடம்

இங்கே கொஞ்சம் நிதானமாக. பேட்டரியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஈயக் குமிழ் ஒன்று, அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் இன்னொன்று. மேலே பார்த்தால் இரண்டும் ஒரே உலோகம் போலத் தெரியும். ஆனால் நடுவில் கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் படலம் இருக்கலாம். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால்தான் கெட்டது என்று நினைக்கிறோம், வெளியே சுத்தமாக இருக்கும் டெர்மினலும் உள்ளே பிடிக்காமல் இருக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மீட்டரின் சிவப்பு முனையைப் பாசிட்டிவ் குமிழின் நடுவில் குத்தி வையுங்கள், கறுப்பு முனையை அதே பாசிட்டிவின் கிளாம்ப் மேல் வையுங்கள். இரண்டும் ஒரே பக்கம்தான், அதனால் மீட்டர் சுழியம் காட்ட வேண்டும். இப்போது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அப்போதும் சுழியத்தை ஒட்டியே நின்றால் அந்த இணைப்பு நல்லது. திடீரென்று 2 வோல்ட், 5 வோல்ட் என்று குதித்தால் அந்த ஒரு மில்லிமீட்டர் இடத்தில்தான் உங்கள் வோல்டேஜ் எல்லாம் தொலைகிறது. தொட்டி நிறைய தண்ணீர் இருந்தும் குழாயில் அடைப்பு இருந்தால் சொட்டுச் சொட்டாகத்தானே வரும், அதே கணக்கு. லேசான விளக்குகளுக்கு அந்த இடுக்கு வழி போதும், அதனால் விளக்கெல்லாம் எரியும். செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும், அது அந்த வழியாகப் போகாது.

இதே சோதனையை முழு வழிக்கும் நீட்டலாம். பாசிட்டிவ் குமிழில் இருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை, செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் தொலையக் கூடாது. நெகட்டிவ் குமிழில் இருந்து இன்ஜினின் வெறும் உலோகம் வரை 0.2, போனால் 0.3. அதற்கு மேல் போனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைத் தேடிப் பாருங்கள். துருப்பிடித்த ஒரு போல்ட், நார் நாராக அறுந்த ஒரு பட்டை, இதற்காகப் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் மாற்றப்பட்ட வண்டிகள் ஏராளம்.

சுத்தம் செய்யும்போது வரிசை முக்கியம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரணம் இருக்கிறது: காரின் பாடி முழுக்க நெகட்டிவ். அது இணைந்திருக்கும்போது பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பானர் எங்காவது பாடியில் பட்டால் நேரடி ஷார்ட், ஸ்பானர் பழுக்கக் காய்ந்துவிடும். மோதிரம், உலோகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் சிகரெட், தீப்பொறி ஆகாது.

வெந்நீரில் கொஞ்சம் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் பூத்திருப்பது நுரைத்துக் கரைந்து போகும். செல் மூடிகள் இருந்தால் அவை இறுக்கமாக மூடியிருக்கட்டும், அந்தக் கரைசல் உள்ளே போகக் கூடாது. துடைத்துக் காயவிட்டு, குமிழையும் கிளாம்பின் உள் பக்கத்தையும் ஈயம் பளபளக்கும் வரை பிரஷ் போட்டுத் தேயுங்கள். கிளாம்பைச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டாம், குமிழின் அடியில் விரிசல் விடும். இறுக்கிய பிறகு கையால் திருகிப் பார்த்தால் துளியும் அசையக் கூடாது. வாஸ்லின் தடவுவதாக இருந்தால் இறுக்கியதற்கு அப்புறம் வெளியே மட்டும்.

மூடி திறக்கும் வகை பேட்டரியாக இருந்தால் தகடுகள் மூழ்கியிருக்கின்றனவா பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஆசிடும் வேண்டாம். குறைந்தது தண்ணீர்தானே தவிர ஆசிட் இல்லை.

சார்ஜ் ஏறுகிறதா

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். இப்போது ஹெட்லைட், ப்ளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்ஸிலரேட்டரை 1500, 2000 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோங்கள். அப்போதும் 13.5-க்கு மேல் தாங்கினால் ஆல்டர்னேட்டர் நலம். 12.5-ல் இருந்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சார்ஜே இல்லை, வண்டி பேட்டரியைத் தின்றுகொண்டு ஓடுகிறது. 15-க்கு மேல் தொடர்ந்து நின்றால் ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பகுதி) கெட்டது; அது பேட்டரியைக் கொதிக்க வைத்துத் தண்ணீரை வற்றச் செய்யும்.

புது வண்டிகளில் ஒரு சிக்கல். எரிபொருள் மிச்சப்படுத்த கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைத்து வைக்கும், அதனால் பேட்டரி நிறைந்திருக்கும்போது 12.8 காட்டினாலும் கோளாறு என்று அர்த்தமில்லை. ஹெட்லைட்டைப் போட்டதும் பெரும்பாலும் ஏறிவிடும்.

ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்வதற்கு முன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பின்னால் இருக்கும் சாக்கெட் கழன்றிருக்கிறதா, தடித்த வயரின் நட்டு இறுக்கமா, அந்த வழியில் உள்ள பெரிய ஃப்யூஸ் முழுதாக இருக்கிறதா பாருங்கள். இக்னிஷன் போட்டதும் சிவப்புப் பேட்டரி விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே அது எரியவில்லை என்றால் அதையும் கவனிக்க வேண்டும், பழைய வண்டிகள் பலவற்றில் அந்த விளக்கு வழியாகத்தான் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளும்.

ஒரு பழைய பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி "நின்றுபோனால் டைனமோ கெட்டது" என்று பார்ப்பது. அந்தக் காலத்து வண்டி தாங்கியிருக்கலாம். இன்று அந்த நொடியில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் தாறுமாறாக எகிறி இன்ஜின் கம்ப்யூட்டரையே காவு வாங்கிவிடலாம்.

நிற்கும்போதே இறங்குகிறதா

பேட்டரியும் நல்லது, சார்ஜும் ஏறுகிறது, ஆனால் இரண்டு நாள் நின்றால் எடுக்கவில்லை. இதுதான் பலரையும் அலைய வைக்கும் வகை.

பூட்டிய காரும் கொஞ்சம் கரன்ட் இழுக்கும், அலாரமும் ரிமோட்டும் வேலை செய்ய வேண்டுமே. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் ஹவர்). 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி பாதியாக இறங்க இரண்டரை வாரத்துக்கு மேல் ஆகும். ஆனால் டிக்கியில் மூடிய பிறகும் அணையாத 5 வாட் பல்பு ஒன்று சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும், ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் ஹவர். இரண்டே நாளில் பாதிக்கு வந்துவிடும். செல்ஃப் அடிப்பதுதான் பேட்டரியைக் காலி செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 200 ஆம்பியர் இரண்டு நொடி என்றே வைத்தாலும் அது 0.1 ஆம்பியர் ஹவர் சொச்சம்தான். அந்தப் பல்பு இதைப் போலப் பல மடங்கை ஒரே இரவில் சத்தமில்லாமல் முடித்துவிடும்.

அளக்கும் முறை இது. போனட்டைத் திறந்து வைத்து, கதவைத் திறந்தபடியே அதன் பூட்டை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள், கார் கதவு மூடியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். போனட் பூட்டில் சுவிட்ச் இருந்தால் அதையும் அப்படியே. ரிமோட் சாவியை நல்ல தூரத்தில் வையுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவே மீட்டரைத் தொடராக இணையுங்கள். இந்த நிலையில் இக்னிஷன் போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். வேலை முடிந்ததும் முனையை வோல்ட் துளைக்கே மாற்றிவிடுங்கள், மறந்துபோய் ஆம்பியர் துளையில் வைத்தபடி பேட்டரியைத் தொட்டால் அது நேரடி ஷார்ட்.

தொடக்கத்தில் சில ஆம்பியர் காட்டும், பயப்பட வேண்டாம். காரில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக இருபது, முப்பது நிமிடம், சிலவற்றில் ஒரு மணி நேரம்கூட ஆகும். அதுவரை பொறுமை. அதன் பிறகும் 200, 400 என்று நின்றால் கசிவு இருக்கிறது.

எந்த வழி என்று பார்க்க ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதுதான் வழக்கம், ஆனால் திரும்பச் செருகும்போது தூங்கியவை எழுந்து கணக்கைக் குழப்பும். அதைவிட நல்லது, இன்னொரு மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, ஃப்யூஸின் முதுகில் தெரியும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளையும் தொடுவது. ஃப்யூஸ் வழியாக ஒன்றும் ஓடவில்லை என்றால் சுழியம். ஏதாவது காட்டினால் அந்த வழியில் கரன்ட் ஓடுகிறது, அது எதற்குப் போகிறது என்று ஃப்யூஸ் பெட்டி மூடியில் இருக்கும் படத்தைப் பாருங்கள்.

வழக்கமான குற்றவாளிகள்: பின்னால் சேர்த்து மாட்டிய ஸ்டீரியோ, டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், ஒட்டிக்கொண்ட ரிலே, டிக்கி விளக்கு, கையுறைப் பெட்டி விளக்கு. விளக்குச் சந்தேகத்துக்கு மீட்டரே வேண்டாம், செல்போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடிவிட்டு அப்புறம் எடுத்துப் பாருங்கள், இருட்டாகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். எந்த ஃப்யூஸிலும் ஒன்றும் தெரியவில்லையா, ஆல்டர்னேட்டரின் உள்ளே டயோடு (கரன்ட்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் உறுப்பு) ஒன்று கசியலாம். அதன் வயரைக் கழற்றியதும் கசிவு நின்றால் அதுதான். அந்த வயரை நெகட்டிவ் கழற்றிய பிறகுதான் தொட வேண்டும்.

அவசரத்துக்கு ஜம்ப், பிறகு புது பேட்டரி

ஜம்ப் கேபிள் போடும் வரிசை: சிவப்பு இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், மறு முனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில், கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை இறங்கிய வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியில் இருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி வரும், அது வாயு இருக்கும் இடத்தில் வர வேண்டாம் என்பதற்காகத்தான். கழற்றும்போது அப்படியே தலைகீழ். பேட்டரி உறைந்தோ உப்பியோ இருந்தால் ஜம்ப் போடவே வேண்டாம். தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியருக்கு மட்டும், அதுவும் திரும்பத் திரும்பச் செய்தால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

கடைசியில் பேட்டரிதான் போயிருக்கிறது என்று உறுதியானால், ஆம்பியர் ஹவரும் சிசிஏ எண்ணும் (குளிரில் செல்ஃப் அடிக்கத் தரக்கூடிய கரன்ட் அளவு) பழையதற்குச் சமமாகவோ கொஞ்சம் கூடவோ இருக்கட்டும். பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள், மாறினால் கேபிள் எட்டாது. சிக்னலில் தானே நின்று எடுக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு அதற்கான இஎஃப்பி (சாதாரண வகையின் வலுவூட்டிய வடிவம்) அல்லது ஏஜிஎம் வகையேதான், சாதாரணப் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். அப்படிப்பட்ட சில வண்டிகளில் புது பேட்டரி போட்டதை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டருக்குச் சொல்லவும் வேண்டும். பேட்டரியை அதன் இடத்தில் அசையாமல் பிடித்திருக்கும் கிளாம்பை மறக்காமல் இறுக்குங்கள், ஆடிக்கொண்டே இருக்கும் பேட்டரியின் தகடுகள் உதிரும்.

மாட்டிய அன்றே ஓய்வு வோல்டேஜ், செல்ஃப் அடிக்கும்போது விழும் வோல்டேஜ், சார்ஜ் வோல்டேஜ் மூன்றையும் அளந்து, தேதியோடு ஒரு டேப்பில் எழுதிப் பேட்டரி மேலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வண்டி முரண்டு பிடிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த வண்டிக்கே உரிய எண்கள் கையில் இருக்கும்.